நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே

பிப்ரவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. முதலில் சிரிப்பதற்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நான் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டேன். அதுவும் முதுகில் 'லிஃப்ட் பராமரிப்பு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த சட்டையோடு. காலையில் நானே பழுது பார்த்து, இனி ஆறு மாசத்துக்குக் கவலையில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லிஃப்ட் அது. கூட ஒரு அம்மா, இடுப்பில் துவைத்த துணிக் கூடையோடு. என் முதுகை ஒரு தரம் படித்தார், முகத்தை ஒரு தரம் பார்த்தார். "பயப்படாதீங்க, ஆள் வருவாங்க" என்று எனக்கே தைரியம் சொன்னார். அந்த ஆளே நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டாவது தரம் படிக்காமல் இருக்கட்டும் என்று நாற்பது நிமிஷம் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

குடியை விட்டுப் பத்து மாசம் ஆகிறது. இதை நம்பச் சொல்லி எழுதவில்லை. முன்னாலும் மூன்று தரம் எழுதியிருக்கிறேன், மூன்று கடிதத்தையும் குடித்துவிட்டுத்தான் எழுதினேன். இந்தத் தரம் டீ குடித்துவிட்டு எழுதுகிறேன்.

சனிக்கிழமைதோறும் டயர் கடை மாடியில் கூடுகிறோம். எல்லாரும் குடியை விட்டவர்கள், இல்லை விடப் பார்க்கிறவர்கள். அங்கே முதலில் சொல்ல வேண்டியது 'என்னால் முடியாது' என்பதுதான். எனக்கு அது புரியவேயில்லை. முடியாது என்று சொன்னவன் எப்படி நிறுத்துவான்? பிறகு ஒரு நாள் வேலையில் இருக்கும்போது மண்டையில் உறைத்தது. லிஃப்டில் கரண்ட் போனால் பெட்டி விழுந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. கரண்ட் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். கரண்ட் போன நொடியில் ஸ்பிரிங் போய்க் கவ்விக்கொள்ளும். சக்தி போன பிறகுதான் பிடிப்பு. நாற்பது வருஷம் கையில் கிரீஸோடு அதைத் தொட்டவன் நான், அர்த்தம் இப்போதுதான் தெரிகிறது.

உன் குட்டிக்கு ஆறு வயசு முடிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாமா? வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாலும் சரி.

அப்பா

பிப்ரவரி 21

அப்பா,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து நேராக இருக்கிறது. பாராட்டாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டதைச் சிரிப்பதற்கென்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு எழுதுகிறோம் என்று உறையில் முகவரி எழுதும்போதாவது தோன்றவில்லையா? என் ஆய்வகம் ஆஸ்பத்திரியின் ஏழாவது மாடியில் இருக்கிறது. நூற்று நாற்பத்தேழு படிகள். பத்து வருஷமாக ஏறுகிறேன். குட்டி வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாதம் வரைக்கும் ஏறினேன். கூட வேலை செய்கிறவர்கள், "உடம்பை எப்படிக் கவனிச்சுக்கிறா பாருங்க" என்று பேசிக்கொண்டார்கள். எட்டு வயதில் ஒரு மத்தியானம் முழுக்க என் அப்பா என்னை ஒரு லிஃப்டில் மறந்துவிட்டுப் போனார் என்று அவர்களிடம் சொல்லவில்லை.

கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நீங்கள் எனக்குத்தான் எழுதினீர்கள், ஆனாலும் அம்மா என்னோடு இருக்கிறாள், காது கேட்கிறது. பத்து மாதத்துக்கெல்லாம் அங்கே கை தட்டுவார்களா என்று கேட்டாள். தட்டுவார்கள் போலிருக்கிறது என்றேன். "நான் பொறந்ததுலேர்ந்து குடிக்கல. எனக்கு எவன் தட்டினான்?" என்றாள்.

குட்டியைப் பார்ப்பது பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. பாப்பா என்று எழுதாதீர்கள்.

மார்ச் 4

பாப்பாவுக்கு,

(எழுதாதே என்றாய். அடித்துவிட்டுப் பேரை எழுதினேன். யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எழுதுகிற மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன். இது மூன்றாவது தாள்.)

படிக்கட்டு விஷயம் எனக்குத் தெரியாது. ஊரில் யாரும் படி ஏறக்கூடாது என்று காலமெல்லாம் வேலை பார்த்தவன் மகள் நூற்று நாற்பத்தேழு படி ஏறுகிறாள். இதற்கு மேல் என்னை யாரும் திட்ட வேண்டியதில்லை.

உன் அம்மா கேட்டது நியாயம். ஆனால் கிணற்றில் விழாதவளுக்கு யாரும் கயிறு போடுவதில்லை. சொல்லிவிட்டேன், இந்த வரியை மட்டும் படித்துக் காட்டாதே.

எனக்கு வழி சொல்ல ஒருத்தன் இருக்கிறான். சலூன் வைத்திருப்பதால் அவனுக்கு அங்கே கத்தரி என்று பேர். எனக்கு லிஃப்ட்காரர். நிஜப் பேரை யாரும் கேட்பதில்லை. என்னைவிட இருபது வயசு சின்னவன், என் காதைப் பிடித்துத் திருகுகிறான். "அண்ணே, இங்க தோத்துட்டேன்னு ஒத்துக்கிறவன்தான் ஜெயிப்பான்" என்றான். "அப்படிப் பார்த்தா நான் உலக சாம்பியன்ப்பா" என்றேன். "உங்களைவிடப் பெருசா ஏதாச்சும் ஒண்ணை நம்புங்க, சாமியா இருக்கணும்னு இல்ல" என்றான். பிரேக் ஸ்பிரிங்கை நம்பட்டுமா என்றேன். "அது உங்களை என்னைக்காவது கைவிட்டிருக்கா?" என்று கேட்டான். இல்லை. "அப்புறம் என்ன, கும்பிடுங்க" என்றான். ஆக உன் அப்பாவின் தெய்வத்துக்கு மாசம் ஒரு தரம் தூசி தட்ட வேண்டும்.

அங்கே இன்னொரு நம்பிக்கை உண்டு. உள்ளே பூட்டி வைத்தது அழுகும், எடுத்துக் கொடுத்ததுதான் நமக்கு மிஞ்சும். அதனால் சனிக்கிழமைதோறும் யாராவது எழுந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். நான் எழுந்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட நிமிர்ந்து உட்காருகிறான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டால் வாயே திறக்காதவன், இப்போது பேச்சாளர்.

கெடுதல் செய்த ஆட்களுக்கு ஒரு பட்டியல் போடச் சொன்னான் கத்தரி. முதல் பேர் உன்னுடையது. நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு வசதி. உனக்கு எப்போது வசதியோ அதுதான் எனக்கும் வசதி என்று திருத்திப் படித்துக்கொள்.

அப்பா

மார்ச் 19

அப்பா,

நேற்று ஒரு குழாயில் பெயர்ச் சீட்டு மாறி ஒட்டியிருந்தது. கேட்பதற்காகக் கீழே ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனேன். ஒருவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடியை விட்டு நானூறு நாள் ஆயிற்றாம், கல்லீரலைப் பரிசோதிக்க வந்திருந்தார். நர்ஸ் ஊசியை எடுத்ததும் பயத்தை மறைக்கப் பேச ஆரம்பித்தார்.

"எங்க கூட்டத்துல லிஃப்ட்காரர்னு ஒருத்தர் இருக்காரு சிஸ்டர். ஸ்கூல் லீவுன்னு பொண்ணை வேலைக்குக் கூட்டிட்டுப் போறாரு. அது உள்ள ஏறி மேலயும் கீழயும் போயிட்டே இருக்கு. இவரு சர்வீஸ் பண்ண நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நிறுத்துறாரு. ஒரு வாய் ஊத்திட்டு வரலாம்னு வெளிய போறாரு. போனவரு நேரா வீட்டுக்குப் போயி, கை கழுவி, சாப்பாட்டுக்கு உட்கார்ந்துட்டாரு. பொண்டாட்டி கேக்குறாங்க, குழந்தை எங்கன்னு. இவரு நிமிர்ந்து பாக்குறாரு. 'எந்தக் குழந்தை?'"

நர்ஸ் சிரித்த சிரிப்பில் பஞ்சு கீழே விழுந்தது. வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். "அவரு நடிச்சுக் காட்டணும் சிஸ்டர், அந்தப் பொண்ணு கதவைத் தட்டுற மாதிரி தட்டிக் காட்டுவாரு" என்றார் அவர்.

நானும் சிரித்தேன் அப்பா. எல்லாரும் சிரிக்கும் இடத்தில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் நின்றால் ஏன் என்று கேட்பார்கள்.

எடுத்துக் கொடுத்ததுதான் நமக்கு மிஞ்சும் என்று எழுதியிருந்தீர்கள். கொடுங்கள். உங்களுடையதைக் கொடுங்கள். அது என்னுடையது. நாலே கால் மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் கூப்பிட்டேன். பிறகு தொண்டை கட்டிவிட்டது. உள்ளே விளக்கு இல்லை. பாவாடையிலேயே போய்விட்டேன், அதை யாரும் பார்க்கக்கூடாது என்று மூலையில் உட்கார்ந்தேன். தூங்கினால் லிஃப்ட் விழுந்துவிடும் என்று நினைத்து வாய்பாடு சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மா செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தாள். வாட்ச்மேன் வேறொரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து கதவைத் திறந்தார். நீங்கள் வரவில்லை. இதில் எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று எனக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். இருபத்தெட்டு வருஷமாகக் கேட்காதது. அன்றைக்கு உங்கள் சாவிக்கொத்துச் சத்தம் எனக்குக் கேட்டது. தலைக்கு மேலே எங்கேயோ. ஒரே ஒரு தரம். அந்தச் சத்தத்தை எந்தக் கூட்டத்திலும் எனக்கு அடையாளம் தெரியும், அதைக் கேட்டால்தானே நாங்கள் டிவியை நிறுத்துவோம், சத்தம் போடாமல் படுப்போம். அம்மாவிடம் சொன்னபோது பயத்தில் பிரமை என்றாள். நீங்கள் வெளியே போயிருந்தீர்கள் என்பதால் நானும் பிரமை என்றே வைத்துக்கொண்டேன். ஆனால் காது ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கதையை இனி எங்கேயும் சொல்லக்கூடாது. சாவி பற்றி ஒரு வரி எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

மார்ச் 27

அம்மாடி,

சொல்ல மாட்டேன். இனி எந்தச் சனிக்கிழமையும் சொல்ல மாட்டேன். கத்தரியிடமும் சொல்லிவிட்டேன். "அது உங்க மருந்தாச்சே அண்ணே" என்றான். அடுத்தவள் வீட்டு மருந்தைத் திருடிக் குடித்திருக்கிறேன் என்றேன். கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்துவிட்டான். சலூன்காரனைச் சீப்பைக் கீழே வைக்கச் செய்வது லேசான காரியமா.

சாவி விஷயம். அது பழைய கட்டடம். வெயிலில் கம்பிக் கயிறு இழுபடும், எங்காவது ஒரு தகடு ஆடும், கணீர் கணீர் என்று கேட்கும். வேலை தெரிந்த எனக்கே யாரோ நடக்கிற மாதிரி இருக்கும். சின்னக் குழந்தை, இருட்டு, வேறு என்ன தோன்றும்? அம்மா சொன்னது சரிதான். நான் அப்போது கடையில் இருந்தேன்.

மறந்தது மறந்ததுதான். அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்கிறேன்.

அப்பா

ஏப்ரல் 8

அப்பா,

நீங்கள் எழுதியதைப் பல தடவை படித்தேன். பதில் எழுத நாளாகிவிட்டது.

அந்தச் சத்தத்தை வைத்து நான் மனதுக்குள் ஒரு பெரிய வழக்கே நடத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. நீங்கள் மேலேயே இருந்தீர்கள், கேட்டுக்கொண்டே இருந்தீர்கள் என்று. யாரிடமும் சொன்னதில்லை. என் கல்யாணத்துக்கு வராதீர்கள் என்று சொல்லி அனுப்பினேனே, அதற்குக் காரணம் குடி என்று எல்லாரும் நினைத்தார்கள். காரணம் அந்தச் சாவி. மறந்துபோகிற அப்பாவை மன்னிக்கலாம். ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் அப்பா இருக்கிறார்.

தகடு ஆடிய சத்தத்துக்காக உங்களை இத்தனை வருஷம் தள்ளி வைத்திருக்கிறேன். என் காதைப் பற்றி எனக்கு ரொம்பத்தான் பெருமை. மன்னித்துவிடுங்கள் அப்பா.

வியாழக்கிழமை குட்டியைக் கூட்டிக்கொண்டு எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஒரு மாடி ஏறினேன். ஒரே ஒரு மாடி. "அம்மா, கை வலிக்குது, விடு" என்றாள். அம்மாவிடம் சொன்னேன். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி மடித்தாள்.

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நாலாம் மாடி. கீழே வந்து நானே அழைத்துக்கொண்டு போகிறேன், லிஃப்டில். உங்களோடு ஏறிவிட்டால் பிறகு தனியாக ஏறிவிடலாம் என்று தோன்றுகிறது.

பாப்பா என்றே எழுதுங்கள்.

ஏப்ரல் 22

மகளுக்கு,

பாப்பா என்று எழுத அனுமதி கொடுத்த பிறகு இப்படி எழுதுகிறேனே என்று பார்க்காதே. படித்து முடித்தால் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருந்தது. குட்டி எல்லாப் பொத்தானையும் அமுக்கினாள், உன்னை மாதிரியே. உன் அம்மா ஒரு டம்ளர் தண்ணீரை என் முன்னால் வைத்து, "இதையாவது கொட்டாம குடிங்க" என்றாள். ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம், குறை சொல்ல மாட்டேன். லிஃப்டில் மூன்றாம் மாடி தாண்டும்போது விளக்கு ஒரு தரம் அணைந்து எரிந்தது. நீ என் சட்டைக் கையைப் பிடித்தாய். "பிரேக் பிடிக்கும் இல்லப்பா?" என்றாய். "பிடிக்கும்மா" என்றேன். "தாத்தாவுக்கு வேர்க்குது" என்றாள் குட்டி.

அதற்கு முந்தின வாரம் எனக்கு ஒரு வருஷம் முடிந்தது. எழுந்து நிற்கச் சொன்னார்கள், கை தட்டினார்கள். இன்றைக்கு என்னிடம் கதை இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். அடக்கமாக இருக்கிறேன் என்று எனக்கும் ஒரு கணம் பெருமையாக இருந்தது. பார், என்ன ஜென்மம்.

கத்தரி எனக்கு இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறான். ஒன்றை மறைத்தாலும் அதுவே என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பாட்டில் முன்னால் உட்கார வைத்துவிடும், அதனால் மிச்சம் வைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொன்னால் கேட்கிறவருக்குத்தான் வலிக்கும் என்றால் சொல்லவே கூடாது. இரண்டையும் ஒரே வாயால்தான் சொன்னான். நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். என் பொய்யில் உனக்கு ஒரு மாடி ஏற முடிந்தது. நிஜத்தில் நூற்று நாற்பத்தேழு படி. எந்தத் தெய்வத்தை வைத்துப் பார்த்தாலும் பொய்தான் நல்லது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் நீ மன்னிப்புக் கேட்டுவிட்டாய். என்னிடம். உன் காதை நம்பியதற்காக. அந்தக் கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது, இரண்டு வாரமாகச் சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைக்கிறேன். குடித்திருந்த காலத்தில்கூட இவ்வளவு கேவலமாக நான் இருந்ததில்லை.

நான் உன்னை மறக்கவில்லை. மறதி என்றால் சின்னக் குற்றம் என்று அன்றைக்கே கணக்குப் போட்டுத்தான் உன் அம்மாவிடம் 'எந்தக் குழந்தை' என்று கேட்டேன். பிறகு அதையே சிரிப்பாக்கி நூறு பேர் முன்னால் நடித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் திறந்து சொல்லுகிறவன் என்று அங்கே எனக்குப் பேர்.

மொட்டை மாடி மோட்டார் அறையில், மின் பலகைக்குப் பின்னால் பாட்டில் வைத்திருந்தேன். நீ கடைசி மாடிவரை வந்து, படியேறி எட்டிப் பார்த்து, "அப்பா என்ன பண்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவாய். மூன்று தரம் வந்தாய். நாலாவது தரம் வருவதற்குள் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன். பிரேக் கவ்வியது. விழாது என்று எனக்குத் தெரியும். குழந்தை பத்திரமாக இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டுதான் மூடியைத் திறந்தேன். பாட்டில் முடிந்த பிறகும் சுவிட்சைத் தொடாமலே வீட்டுக்குப் போனேன். அந்த ஸ்பிரிங்கைத்தான் இப்போது கும்பிடுகிறேன்.

மோட்டார் அறைத் தரையில் கம்பிக் கயிறு இறங்குவதற்கு ஓட்டைகள் இருக்கும். கீழே மூச்சு விட்டால்கூட மேலே கேட்கும். நீ கூப்பிட்டது கேட்டது. தொண்டை கட்டியது கேட்டது. பிறகு வாய்பாடு. ஐந்தும் ஆறும் தண்ணீர் மாதிரி வந்தன. ஏழில் மாட்டிக்கொள்வாய். ஏழேழு நாற்பத்தொன்பது வரைக்கும் வருவாய், ஏழெட்டு என்பாய், நிற்பாய், மறுபடி ஓரேழு ஏழிலிருந்து ஆரம்பிப்பாய். நீ எனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் இது இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று பார்த்துக்கொள். உன் காது பொய் சொல்லவில்லை.

ஓட்டைப் பக்கம் குனிந்தேன். அப்போதுதான் இடுப்பிலிருந்த சாவிக்கொத்து தரையில் தட்டியது. நீ சட்டென்று நிறுத்தினாய். "அப்பா?" என்றாய். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, திரும்ப ஓரேழு ஏழிலிருந்து வந்தாய். ஏழெட்டு என்று நின்றாய். விடை என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் மேலே ஆள் இருப்பது தெரிந்துவிடும். பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது.

ஐம்பத்தாறு, பாப்பா.